பாரத்துக்கு ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விரற்கடை இறங்கப் பத்து நிமிசம் எடுத்த உழவு மிசின் லிப்ற், இந்த ஞாயிறு மூன்று நிமிசத்திலேயே இறங்கிவிட்டது. அதற்குக் கீழே படுத்திருந்த மனுசன் சொன்ன விளக்கத்தைக் கேட்டுத்தான் கமலராணிக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சரும், நீர் நல்லா உடம்பு வைச்சிட்டீர்."

கிழமை முழுக்க விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, ஆராருடையவோ கொம்பனிக் கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, காலை நீட்டிப் படுக்கக் கிடைக்கிற ஒரேயொரு மத்தியானத்தையும் விட்டுப்போட்டு, ஒரு பழைய உழவு மிசினின் குண்டியில் ஏறிக் குந்தியிருக்கிறவளுக்கு நடக்கிற மரியாதை இது. அவள் பல்லை நெருமினாள்.

மிசின் வரதராசாவுடையது. லா ஷப்பலில், ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல் அந்தத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற வரதராசா, பாரிசுக்கு வெளியே நிலம் எடுத்து வெண்டியும் பயிற்றையும் போடப்போகிறாராம். அதற்கென்று எங்கேயோ ஒரு பண்ணையில் எழுபது வயதான இந்தச் சாம்பல் நிற மிசினைப் பிடித்து, கடைக்குப் பின்னாலுள்ள நிலக்கீழ்த் தெப்போவுக்குள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இறக்கி வைத்திருந்தார். என்ஜின் ஓடும். கியர் விழும். பின்னால் கலப்பையைத் தூக்கிப் பிடிக்கிற ஐட்ரோலிக் லிப்ற்தான் பழுது. தூக்கும், ஆனால் தூக்கினபடி நிற்காது. அதைத் திருத்தித் தந்தால் தோட்டத்துக்குப் பொறுப்பான ஆள் நீதான் என்று வரதராசா வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கு வாங்கினவர் கமலராணியின் மனுசன். வன்னியில் உழவு மிசின் கராஜ் வைத்திருந்தவர். பத்தொன்பது வருசமாக ஒரு றெஸ்ரோறன்ரின் பின்பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறார். சவர்க்காரத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், மருந்தைப் பூசிக் கையுறை போட்டுக்கொண்டுதான் படுப்பார். லிப்ற் சரிவந்தால் அந்தக் கோப்பைகளைத் தலைமுழுகலாம். அதற்காகத்தான் அவளும் இந்தக் கோதாரி விழுந்த பலகையில் ஏறி இருந்தாள்.

ஏறி இருக்கிற அலுவல் இதுதான். ஒரு மோட்டரைப் பூட்டி ஒயிலை அடித்து, லிப்ற்றின் இரண்டு இரும்புக் கைகளையும் மேலே ஏற்றுவார். கைகளைக் குறுக்கே இணைக்கிற இரும்புப் பட்டம் நெஞ்சு உயரத்துக்கு வரும். பிறகு மோட்டரை நிற்பாட்டுவார். அந்தப் பட்டத்தின் மேல் பாரம் இருந்தால்தான் உள்ளே ஒயில் இறுகும். இறுகினால்தான் எந்தச் சீலால் கசிகிறதென்று தெரியும். பாரத்தோடு அது மெல்ல மெல்ல இறங்கும். இவர் அதற்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்து ரோச் அடித்துப் பார்ப்பார். முண்டு கொடுத்தால் பாரம் முழுக்கக் கட்டையில் போய்விடுமாம், ஒன்றும் தெரியாதாம். ஆகையால் முண்டும் இல்லை. அடிமட்டத்துக்கு இறங்கினால் பட்டத்துக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சம்.

"சுத்திவர அரிசி மூட்டையாக் கிடக்குது. ரெண்டைத் தூக்கி வையுங்கோவன்," என்று முதல் நாளே கேட்டுப் பார்த்தாள்.

"மூட்டையிலை ஒயில் பட்டால் வரதண்ணை கத்துவார். அதோடை, காணும், போதும் எண்டு சொன்ன உடனை மூட்டை இறங்குமே? பாரத்துக்கு ஆள்தான் வேணும். நாங்கள் கராஜிலையும் ஆளைத்தானே ஏத்தி இருத்திறது."

குந்தியிருக்கப் பலகையும் மிசினோடேயே வந்தது. பட்டத்தின் மேல் வைத்துக் கட்டின ஒரு தடித்த பலகை. அதன் மேல் நாலாக மடித்துத் தைத்த பழைய சாக்கு. அந்தச் சாக்கின் நடுவில் ஆரோ வருசக்கணக்காக இருந்து இருந்து விழுந்த பள்ளம். மிசினை விற்றவ ஆன்ஜெலிக் என்று ஒரு பெண், செத்துப்போன பண்ணைக்காரனின் மகள். தாய் அதற்கும் முந்தியே செத்துப்போனாவாம். அது அம்மா இருக்கிற பலகை, கழற்றிப்போட்டுத் தாறன் என்று சொன்னாவாம். மிசினை ஏற்றப் போன இவர்தான் வேண்டாம், எங்களுக்கு உதவும் என்று அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தார்.

"உடம்பு ஒண்டும் வைக்கேல்லை," என்றாள் கடைசியில்.

"அப்ப உந்த மீற்றருக்கு விசரே?" கீழேயிருந்து கை ஒன்று நீண்டு காட்டியது. ஒயில் அமுக்கம் காட்டுகிற அந்த வட்ட மீற்றரின் கண்ணாடியில், அவள் ஏறி இருந்தால் முள் எங்கே நிற்குமென்று முதல் கிழமை வெள்ளைச் சோக்கால் கோடு கீறியிருந்தார். முள் இப்போது கோட்டைத் தாண்டி நெடுந்தூரம் போய் நின்றது. அவள் இறங்கினாள். முள் கீழே வந்தது, ஆனால் பூச்சியத்துக்கு வரவில்லை. சோக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆடி ஆடி நின்றது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பொபினியில், எட்டாம் மாடி வீட்டில், குளியலறைத் தராசில் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு. கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துபோட்டு மறுபடி ஏறினாள். ஐம்பத்தேழரை. மகள் லக்சனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சே நோர்மால், அம்மா. எப்பவும் இதுதானே."

"அதை உன்ரை கொப்பரிட்டைப் போய்ச் சொல்லு."

கொப்பர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துப்போட்டு, ஒரு கடுதாசியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "மீற்றர் பொய் சொல்லாதப்பா. இண்டைக்கு அந்தப் பலகையிலை நூற்றிப் பத்துக் கிலோவுக்குக் கிட்ட இருந்திருக்கு."

"அப்ப நான் என்ன ரெண்டு பேரே?"

கோபத்தில்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான், பலகையில் இருந்தபோது இடப்பக்கம் ஒருதரம் பதிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பஸ் சீற்றில் பக்கத்தில் ஒரு ஆள் வந்து இருந்தால் எங்களுடைய பக்கம் கொஞ்சம் எழும்புமே, அந்த மாதிரி. இடத் தொடை முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. கால் விறைத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

இதை அந்தாளுக்குச் சொல்லலாமோ? சொன்னால், பேய்க்கதை கதையாதையும் என்பார், அதற்கும் ஒரு சண்டை. அவள் சொல்லவில்லை. அன்று இரவிலிருந்து அவரோடு கதைக்கிறதையே விட்டுவிட்டாள். சாப்பாட்டை மேசையில் டொக்கென்று வைப்பாள், போவாள். உடம்பு வைச்சிட்டீராம். உடம்பு.

கதைக்காமல் கிழமைக்கணக்கில் ஒரு வீட்டில் இருக்கலாம் என்பதை அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். அவர் கூப்பிடுகிறது "இஞ்சரும்." அவள் கூப்பிடுகிறது "இஞ்சருங்கோ." இருபத்திநாலு வருசத்தில் அதுக்கு மேலே ஒரு பெயர் தேவைப்படவில்லை. அவருக்கு யசோதரன் என்று நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. கதை சொல்கிற எனக்கு அதைச் சொல்லத் தடையில்லை, அவள் சொல்ல மாட்டாள். புருசன்ரை பேரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அந்தாளின் ஆயுள் குறையுமென்று தாலி கட்டின அன்றைக்கே மாமி சொல்லிவிட்டா. இங்கே ஒரு கந்தோரில் வேலை செய்கிற பெண் புருசன் பெயரென்ன என்று கேட்டபோதும், கமலராணி வாயைத் திறக்காமல் அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் இவளை ஒரு மாதிரிப் பார்த்தது. பார்க்கட்டும், எனக்கென்ன என்று இவள் நின்றாள்.

அடுத்த ஞாயிறு போகிறதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் வெடித்த கையோடு அந்தாள் காலமை ஏழு மணிக்கே புறப்பட்டுப் போனதைப் பார்த்தபிறகு, மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு மெத்ரோ ஏறினாள். லா ஷப்பலில் இறங்கி, கறிவேப்பிலை வாங்க நின்று, கடையில் ஆரோ பிடித்துக் கதைத்து, தெப்போவுக்கு வந்து சேர மூன்று மணியாகிவிட்டது.

தெப்போவுக்கு இறங்குகிற சரிவு, மேலே எவ்வளவு வெயில் எறித்தாலும், ஒரு வளைவு திரும்பினவுடன் இருண்டுவிடும். ஈரச் சுவரில் கை வைத்து, கருவாட்டு மணமும் சீரக மணமும் எலிப் பாசாணமும் கலந்து மூக்கில் ஏற, தலைக்கு மேலே கார் து நோர் பக்கம் போகிற ரெயின் நிலத்தை உதறிக்கொண்டு போகிற அதிர்வைக் காலால் வாங்கிக்கொண்டு, கீழே அந்தச் சின்ன இரும்புக் கதவு வரைக்கும் தடவித் தடவித்தான் இறங்கவேண்டும். கதவுக்கு உள்பக்கம் ஒரு மினுத்ரி. பொத்தானை அமத்தினால் லைற் எரியும், மூன்று நிமிசத்தில் தானாகச் செத்துவிடும். அவள் கதவைத் தள்ளினபோது உள்ளே இருட்டு. கடைசித் தொங்கலில், மிசினுக்குக் கீழே, ரோச் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது.

அவருடைய குரல் கேட்டது. நல்ல சந்தோசமான குரல்.

"இஞ்சரும், கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இரும். ஆ. அப்பிடித்தான்."

கமலராணி நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் வந்தது பயமில்லை. எரிச்சல். ஆரையடா கூப்பிட்டு வைச்சிருக்கிறாய்? என்னைக் கூப்பிடுகிற வாயால் எவளைக் கூப்பிடுகிறாய்? பொத்தானில் ஓங்கி அடித்தாள். லைற் எரிந்தது.

பலகையில் ஒருத்தரும் இல்லை.

அவர் கீழேயிருந்து நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் ஒயில். "ஏன் இறங்கினீர்? நல்லா நிண்டதப்பா, ஒரு சீல்தான் மிச்சம்." பிறகு அவளுடைய கோட்டையும், கையிலிருந்த சோற்றுப் பையையும் பார்த்தார். "எங்கை போட்டு வாறீர்?"

"நான் இப்பதான் வாறன்."

"விசர்க்கதை. ரெண்டு மணியிலை இருந்து ஏறி இருந்தீரே. கூப்பிட்ட உடனை வந்து இருந்தீர்."

"ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"உம்மைத்தான். வேறை ஆரை? கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டுது. இஞ்சரும், வந்து ஏறி இரும் எண்டன். ஏறி இருந்தீர். நீர்தான் கோபத்திலை கதைக்கிறேல்லையே, அதாலை நானும் ஒண்டும் கேக்கேல்லை."

அவள் மூட்டைகளுக்கு இடையில் போய்த் தேடினாள். அடுக்குக்குப் பின்னால், பழைய ஐஸ்பெட்டிக்குப் பின்னால், எல்லா இடமும். ஒரு பொம்பிளையைக் கண்டிருந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டிருப்பாள், அதோடு மனமும் ஆறியிருக்கும். ஒருத்தரும் இல்லை. மிசினுக்குக் கிட்ட வந்தபோதுதான் மூக்கில் பட்டது. நனைந்த சாக்கு. புளித்த பால். மாட்டுக் கொட்டில் ஈரம். கருவாடும் சீரகமும் நாறுகிற இந்தத் தெப்போவில் பாலுக்கு என்ன அலுவல்? சாக்கில் கையை வைத்துப் பார்த்தாள். நடுப் பள்ளம் சூடாக இருந்தது. ஆரோ இப்போதுதான் எழும்பிப் போன சூடு.

கையை இழுத்துச் சீலையில், சீலையில் என்ன, கோட்டில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உந்த அலுவலை விடுங்கோ," என்றாள். "இந்த மிசின் வேண்டாம். கோப்பையே கழுவுங்கோ. நானும் இன்னுமொரு கந்தோர் துடைக்கிறன். இது வேண்டாம்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு வற்றிப்போய், வெடித்த இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "இந்தக் கையாலை இன்னும் எத்தினை வருசமப்பா? வாற திங்கள் வரதண்ணை வந்து பாக்கப்போறார். ஒரு சீல். ஒரே ஒரு ஞாயிறு. வராட்டி விடும், நான் பாத்துக்கொள்ளுறன்."

"நான் வரமாட்டன்."

"வரவேண்டாம்."

லைற் டக்கென்று நின்றது. இருட்டில் இரண்டு பேரும் மூச்சு விடுவது கேட்டது. இரண்டு மூச்சுத்தானா என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை, கதவை நோக்கி நடந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் வாய் திறந்து சொன்னதெல்லாம் ஒன்றுதான். தனியப் போகாதேங்கோ, ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தனியத்தான் போனார்.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வீட்டில் இருந்தாள். கறி அடுப்பில் கிடந்தது. போனுக்கு அடித்தாள், கிடைக்கவில்லை. அந்தக் கிடங்குக்குள் எந்தக் காலத்தில் போன் எடுத்தது? வரமாட்டன் என்றது அவள்தான். வராவிட்டால் ஏறி இருக்க ஆளில்லை, ஆளில்லாவிட்டால் அந்தாள் சும்மா திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். கரண்டியோடு நின்றவளுக்குத் திடீரென்று அது உறைத்தது. அவர் சும்மா திரும்பி வரமாட்டார். பிடிவாதக்காரன். மனம் மாறி அவள் வருவாள் என்று நினைப்பார். சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் போதும், திரும்பிப் பார்க்காமலே கூப்பிடுவார். பெயரில்லாமல். இஞ்சரும், வந்து ஏறி இரும் என்று. அங்கே எது நின்றாலும் அது தன்னைத்தான் கூப்பிட்டதென்று வந்து இருக்கும். இத்தனை கிழமையாய் அப்படித்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கியிருக்கிறார்.

அடுப்பை நூர்த்துப்போட்டு ஓடினாள். மெத்ரோ ஒவ்வொரு தரிப்பிலும் வேண்டுமென்று நின்று நின்று போகிற மாதிரி இருந்தது. கார் து நோரில் இறங்கி ஆட்களை இடித்து, ஃபொபூர் வீதியில் அப்பம் வாங்க நின்ற வரிசையை அறுத்துக்கொண்டு, ஆரோ பின்னால் பேச, மூச்சிரைக்க அந்தச் சரிவில் இறங்கினாள். விசரா. மொக்குப் பிடிச்ச மனுசா. ஒரு ஞாயிறு, ஒரு ஞாயிறு எண்டு என்ரை உயிரை எடுக்கிறியே. அழுகை வந்தது, அதுவும் கோபத்தில்தான்.

இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. தரையில் ரோச் வெளிச்சம்.

"நல்ல பிள்ளை," என்றது அவருடைய குரல். "வரமாட்டன் எண்டுபோட்டு வந்திட்டீர் பாரும்."

அவள் உள்ளே கையை விட்டுப் பொத்தானை அமத்தினாள்.

வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, தெரிந்ததுதான் பிழையாய்ப் போச்சு. இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கு, நடுவில் ஓடை, ஓடையின் தொங்கலில் மிசினின் பின்பக்கம். அவருடைய இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தன. நெஞ்சும் தலையும் பட்டத்துக்குக் கீழே. பலகை வெறுமையாக இருந்தது. அதன் மேலிருந்த சாக்கு வெறுமையாக இருக்கவில்லை. நடுவில் ஆழமாக அமுங்கி, இரண்டு ஓரமும் மேலே மடிந்து கிடந்தது. பட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. விரற்கடைக் கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியத் தெரிய இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நெஞ்சுக்கும் அதற்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும்.

"இஞ்சருங்கோ," என்று கத்தினாள்.

"என்னப்பா?" என்றார் அவர். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. தனக்கு மேலே பார்த்துச் சொன்னார்.

"இஞ்சருங்கோ, வெளியிலை வாங்கோ. இது நானில்லை."

மூலைகளில் பட்டுச் சிதறுகிற அந்தக் கூரைக்குக் கீழே சத்தம் எங்கேயிருந்து வருகிறதென்று ஆருக்குத் தெரியும்? "ஏன் கத்திறீர்? பக்கத்திலைதானே இருக்கிறன். அசையாமல் இரும்," என்றார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் இருபத்திநாலு வருசமாகக் கூப்பிட்ட அந்தச் சொல்லால் இப்போது அவரைக் கூப்பிட முடியாது. எத்தனை தரம் கூப்பிட்டாலும் அந்தப் பலகையில் இருக்கிறது கூப்பிடுகிறதென்றுதான் எடுப்பார். பட்டம் இன்னும் இறங்கியது.

வேறு வழியில்லை. மாமி நினைவுக்கு வந்தா. வந்தால் வரட்டும்.

"யசோதரன்."

அவளுடைய காதுக்கே அது வேறொரு ஆளின் குரலாக இருந்தது. ஓடை முழுக்கப் போய் அடித்துத் திரும்பி வந்தது. ரோச் வெளிச்சம் ஆடாமல் நின்றது. பட்டமும் நின்றது.

"ஆரது?" என்றார் அவர்.

"நான். யசோதரன், நான். எழும்பி வாங்கோ."

"ஆரோ என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுது." அவர் மெல்லக் கதைத்தார். வீட்டில் ஆட்கள் வந்தால் குசினிப் பக்கம் திரும்பிச் சொல்கிற அதே குரல். "இஞ்சரும், வரதண்ணையின்ரை ஆக்களாயிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் விடுகினமில்லை. போய் என்னெண்டு கேட்டு அனுப்பிப்போட்டு, கதவைப் பூட்டிப்போட்டு வாரும்."

சாக்கு எழும்பியது. நடுவிலிருந்த பள்ளம் மெல்ல மேலே வந்தது. மடிந்த ஓரங்கள் விரிந்தன. பலகை கிறீச்சென்றது.

தரையில் ஒரு சத்தம். கட்டைச் செருப்பு.

டக்.

ஓடையில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நல்லாக எரிந்துகொண்டிருந்தது.

டக். டக்.

ஓடிப்போய் அவருடைய காலைப் பிடித்து இழுக்கவேண்டும். அவளுக்குத் தெரியும். அவளுடைய கால்களுக்கும் தெரியும். கால்கள் பின்னுக்குப் போயின. ஒரு அடி. இன்னொரு அடி. புளித்த பால் மணம் வந்தது. லைற் நின்றது.

டக். டக். டக்.

முகத்துக்கு நேரே நின்றது. குளிர். அவள் இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தாள். அது வாசற்படிக்கு வெளியே விழுந்த அடி. கதவு அவளுடைய முகத்துக்கு முன்னால் மெல்ல, ஆறுதலாக, மரியாதையாக, வந்த ஆளை அனுப்பிவிட்டுச் சாத்துகிற மாதிரிச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் இரண்டு கையாலும் அடித்தாள். இரும்பு. உதைத்தாள். மேலே ரெயின் போனது. கதவில் காதை வைத்தாள்.

கட்டைச் செருப்பு திரும்பிப் போனது. ஆறுதலாக. பலகை கிறீச்சென்றது.

"ஆர் அது?" என்று அவர் கேட்டார். பதில் இல்லை. "சரி, கோபம்தான் இன்னும் தீரேல்லை. இரும். ஓம். இப்ப நல்லாக் கசியுது, கண்டுபிடிச்சிட்டன். கொஞ்சம் இரும்."

"யசோதரன்." தொண்டை கிழிந்தது. "யசோதரன், வெளியிலை வாங்கோ. யசோதரன்."

"காணும்," என்றார் அவர். "இறங்கும்."

இரும்பு முனகியது.

"காணுமப்பா. இறங்கும் எண்டுறன். நெஞ்சிலை முட்டுது."

முனகல் நிற்கவில்லை.

"இஞ்சரும். விளையாடாதையும். இஞ்சரும்."

மூச்சு. ரோச் உருளுகிற சத்தம். சீமெந்தில் குதிக்கால் உரசுகிற சத்தம். பிறகு, அவள் கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒருநாளும் அவருடைய வாயிலிருந்து கேட்டறியாத ஒன்று, நசுங்கி, பாதிக் காற்றாக வந்தது.

"கமலராணி."

"இஞ்சை நிக்கிறன்," என்று அவள் கதவில் நெற்றியை அடித்தாள். "நான் இஞ்சை வெளியிலை நிக்கிறன்."

"ஓம்," என்றது உள்ளே, பலகைக்கு மேலேயிருந்து, அவளுடைய சொந்தக் குரல். இரும்பு இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.